நாற்பது மார்க் முழங்கால்

என் வீட்டு மகாராணியின் சமூகத்துக்கு, கிடங்கில் பெட்டி தூக்கும் சக்கரவர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் நலமா? உன் இருமல் நின்றதா?

என் முழங்கால் உலகப் புகழ் பெற்றுவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் 'மூட்டுவலி மருந்து ஆய்வுக்கு ஆள் தேவை' என்று ஒட்டியிருந்தார்கள். என்னை விட்டால் யார் என்று போய்ச் சேர்ந்தேன். பயப்படாதே, சம்மதப் படிவத்தின் பத்தொன்பது பக்கத்தையும் விளக்கிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையாம். எனக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம்!

செவ்வாய்தோறும் நர்ஸம்மா போனில் விசாரிப்பார். "சாப்பிட்டீங்களா? தூங்கினீங்களா? வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க்?"

"நாற்பது."

"ஐயா, பத்துக்கு மேல போட முடியாது."

"என் முழங்கால் உங்க தாளுக்குள்ள அடங்காதும்மா!"

இப்போது மூன்றுக்கு இறங்கிவிட்டது. குழப்பமே அதுதான். செவ்வாயன்று அந்த மூன்றுகூட இல்லை. மற்ற நாள்களில் எட்டிப் பார்க்கிறது. மாத்திரையோ தினமும் ஒன்றேதான். குணமாக்கியது மருந்தா, மாவா, அந்தக் கேள்வியா?

அடுத்த மாதம் ஆய்வு முடிகிறது. அலமாரியில் விட்டுவந்த முழங்கால் உறையை அனுப்பிவை. கிடங்கு வேன் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன். இனிமேல் செவ்வாய்தோறும் நீ கூப்பிட்டு, சாப்பிட்டேனா என்று கேள். மார்க்கும் கேள். உனக்குப் பத்துக்குள்ளேயே சொல்கிறேன்.