செத்த பொம்மைக்குக் கண் வைத்தவள்

மதினி,

மேசை மேல் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்திருக்கிறாள் பேத்தி. நீங்கள் போன துக்கத்துக்காகக் கோயம்புத்தூரிலிருந்து போடிக்கு வந்தவள் இன்னும் திரும்பவில்லை. கம்ப்யூட்டர் வேலையை இங்கிருந்தே பார்க்கிறாள். அது முடிந்ததும் ஒரு டப்பாவைத் திறக்கிறாள். உள்ளே சுண்டுவிரல் உயரத்துக்குப் பிளாஸ்டிக் ஆட்கள். கை தனி, கால் தனி, தலை தனி. பசை வைத்து ஒட்டி, சாம்பல் நிறம் பூசி, கிழிந்த சட்டையில் ரத்தக்கறை வைக்கிறாள். வீடு முழுக்கப் பெயிண்ட் வாசனை.

"இதுக்கெல்லாம் பேரு ஜாம்பி, அப்பத்தா. செத்தும் நடக்குறவங்க. ஒலகமே அழிஞ்சு போச்சு, மிச்சமிருக்குற நாலு பேரு தப்பிச்சு ஓடணும். இத மேசையில வச்சு ஆடுவோம்."

என் பேத்தியின் கை சுத்தமான கை. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் நேற்று பிரஷை என்னிடம் நீட்டிவிட்டாள். "கண்ணு மட்டும் எனக்குச் சரியா வரமாட்டேங்குது. நீ வச்சுக் குடு, அப்பத்தா."

வாங்கினேன். பொம்மையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பிரஷ் கண்ணருகே போய் நின்றுவிட்டது. வயசு என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிரஷைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் கடைசி. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் தோட்டத்து வரிசை வீடுகளில் நாம் இரண்டு வீடும் ஒரே லயம். உங்கள் வீட்டுக்காரர், என் அண்ணன், ஜீப்பில் தோட்டத்து ஆட்களை ஏற்றி இறக்கினார். என் வீட்டுக்காரர் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளினார். அந்த வேலை இருந்ததால்தான் எங்களுக்கு லயத்தில் வீடு. காய் பறிக்கும் மாதங்களில் மத்தியானம் மழை வலுத்தால் ஆட்களை விட்டுவிடுவார்கள். அந்த மத்தியானங்களில்தான் உங்கள் விளையாட்டு பிறந்தது.

உங்கள் அம்மா காலத்தில் மலைக்காய்ச்சலில் ஒரு லயமே செத்துப்போனதாம். செத்தவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இன்னும் மலை இறங்கி வருகிறார்கள் என்பீர்கள். ஏலக்காய் பரப்பிக் காயவைக்கும் பழைய காய்த்தட்டைக் கவிழ்த்துப் போட்டு, மெட்டு ரோட்டை வளைவு வளைவாகக் கரியால் வரைந்தீர்கள். உயிரோடு இருப்பவர்கள் போடி போய்ச் சேரவேண்டும். புளியங்கொட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு அவர்களை நகர்த்துவோம். செத்தவர்களுக்குக் கொட்டை கிடையாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரே கட்டம். ஆனால் நிற்கவே மாட்டார்கள். தொட்டுவிட்டால் தொடப்பட்ட ஆளை எடுத்துவிட்டு, அதே ஆளின் செத்த பொம்மையை அந்த இடத்தில் வைக்கவேண்டும். அதனால் ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு பொம்மை. உயிரோடு ஒன்று, செத்த பிறகு ஒன்று.

ஓடைக் களிமண்ணில் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்து, கட்டுக்கம்பி மேல் அப்புவீர்கள். "கழுத்த ஒரு பக்கமா ஒடிச்சு விடுடி, அப்பத்தான் செத்தவன் நடை வரும்" என்று சிரிப்பீர்கள். கிழிந்த துணிக்குச் சாக்கு நூல். நான் வண்ணம் பூசுவேன். அண்ணன் ஜீப்புக்கு வாங்கிய பெயிண்டில் மிச்சம், அதில் அடுப்புச் சாம்பல். காய்ந்ததும் பால் விடாத கட்டஞ்சாயாவை ஊற்றித் துடைத்தால் சுருக்கங்களில் மட்டும் அழுக்கு தங்கும். உங்கள் சட்டம் ஒன்றே ஒன்று. "செத்ததுக்குக் கண்ணு வைக்கப்படாது. கண்ணு தொறந்தா உசுரு வந்துரும்." லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்.

என் வீட்டுக்காரருக்கு இந்த விளையாட்டு பிடிக்காது. அதனால் உங்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பூசினேன். எல்லாமே உங்கள் கைவேலை என்றே லயம் பேசியது. "மதினி கைக்கு மோதரம் போடணும்" என்பார்கள். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் மஞ்சள் கவுன் போட்ட சிறுமி பொம்மைகள் இரண்டையும் முடித்திருந்தேன். ஆட்களை வேலை வாங்கும் கங்காணியின் ஆறு வயது மகள் போட்டிருந்த மஞ்சள்தான். வேறு கவுனை நான் எங்கே கண்டேன்? செத்தவள் என் கையில் அவ்வளவு அழகாக வந்திருந்தாள். கண்ணில்லாமல் விட மனசு வரவில்லை. இது என் கை என்று யாராவது ஒருத்தி ஒருநாள் கண்டுபிடிக்கட்டும் என்று இரண்டு கரும்புள்ளி வைத்தேன். என்னையே பார்த்தாள். காயட்டும் என்று, வீட்டுக்காரருக்குச் சோறு கொண்டுபோனபோது ஸ்டோரில் சூட்டுக் குழாய்க்கு மேலே ஒளித்து வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் கங்காணி மகளுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் கங்காணி காய்த்தட்டுகளைச் சோதிக்கும்போது பொம்மை அகப்பட்டது.

அடுத்த நாள் காலைப் பெரட்டில், பேர் வாசிக்க எல்லாரும் சாக்கைத் தலையில் கவிழ்த்து மழையில் நின்றோம். அவர் பேர் வாசிக்கவில்லை. பொம்மையைத் தூக்கிப் பிடித்தார்.

"இதுக்குக் கண்ணு வச்ச கை எது? நாலு நாளா எம்புள்ள கண்ணத் தொறக்கல. இங்க செத்த பொம்மை கண்ணத் தொறந்து பாக்குது!"

ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சொல்ல மாட்டீகளா? செரி. ஸ்டோர்ல சோலி பாக்குறவன் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு இன்னைக்கே மலை எறங்கட்டும்."

என் வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். சாக்குக்கு அடியில் என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தீர்கள்.

"நாந்தேன் வச்சேன்" என்றீர்கள்.

கங்காணி மனைவி வீட்டிலிருந்து ஓடிவந்தார். "அடிப் பாவி! எம்புள்ள ஒனக்கு என்னடி செஞ்சா? தொறந்த கையே மூடணும். மூடு!"

பொம்மையை வாங்கி நகத்தால் அந்தக் கண்களைச் சுரண்டினீர்கள். திறந்த கை அது இல்லையே. தவறான கை மூடினால் பிள்ளை பிழைக்குமா? கத்திச் சொல்லிவிட ஓரடி முன்னால் வைத்தேன். அதற்குள் நீங்கள் கங்காணியிடம் திரும்பினீர்கள்.

"இங்கன மூடுனாப் பத்தாது, அண்ணே. கண்ணத் தொறந்தவ மலை எறங்கணும். புள்ளையும் அதே வண்டியில எறங்கணும். நான் மட்டும் போனா காய்ச்சல் இங்கனயே தங்கிரும். போடி ஆஸ்பத்திரியில ஒரு ஊசியப் போடுங்க, அப்பத்தான் நான் வச்சது எறங்கும்."

நாலு நாளாகத் திருநீறு போட்டு, கயிறு கட்டி, "ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு, எப்பிடிப் போறது" என்று உட்கார்ந்திருந்த மனுஷர் அவர். டாக்டரிடம் போகச் சொல்லி லயமே சொல்லியும் அசையாதவர், செய்வினைக்காரி சொன்னதும் அசைந்தார். அப்போதுதான் எனக்கு உங்கள் கணக்கு புரிந்தது. இப்போது நான் உண்மையைச் சொன்னால் ஜீப்பு கிளம்பாது.

அண்ணன் வண்டியை எடுத்தார். பிள்ளை அம்மா மடியில். உங்களை அவர்கள் பக்கத்தில் விடவில்லை. பின்பலகையில், முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பி உட்கார்ந்தீர்கள். போர்வை கொடுக்க வந்தவளைப் போல நான் ஓடிவந்தேன்.

"எனக்குக் கீழ சிலமலையில வீடு இருக்கு. ஒனக்கு இந்த லயத்த விட்டா என்னடி இருக்கு? வாயத் தொறந்த, கொன்னுருவேன்" என்று என் காதுக்குள் சொன்னீர்கள்.

ஒவ்வொரு வளைவிலும் அண்ணன் ஹாரன் அடிப்பார் என்று தெரியும். மழைக்குள் காதை வைத்து எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. அதற்கப்புறம் சத்தமே இல்லை. இருட்டும் வரை அதே இடத்தில் நின்றேன்.

மறுநாள் உச்சிக்குத்தான் அண்ணன் வந்தார், சேற்றில் ஊறிய வேட்டியோடு. அஞ்சாவது வளைவில் மண் மூடிக் கிடந்ததாம். நீங்கள்தான் முதலில் குதித்து இரண்டு கையாலும் அள்ளினீர்களாம். "இன்னும் அரைநாளு விட்டிருந்தா கை மீறியிருக்கும்னாரு டாக்டரு. புள்ள கண்ணு முழிச்சு கஞ்சி கேட்டுச்சு" என்றவர், வேட்டியைப் பிழிந்துகொண்டே, "ஒங்க மதினி ஏன் இப்பிடிச் செஞ்சா?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். சாகும் வரை அவருக்கு நான் சொன்ன பதில் அதுதான்.

பிள்ளை பிழைத்தது. அதுவே உங்களுக்கு வினையானது. கண்ணை மூடியதும் காய்ச்சல் இறங்கியதே, அப்படியானால் வைத்ததும் அவள்தானே என்று கதை மலை இறங்கிச் சிலமலைக்கு உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. தெருவில் ஒரு சீமந்தத்துக்கும் உங்களைக் கூப்பிடவில்லை. பிறந்த பிள்ளையை உங்கள் கையில் கொடுக்கவில்லை. என்னை மட்டும் எல்லா விசேஷத்துக்கும் கூப்பிட்டார்கள், கோலம் போட ராசியான கை என்று. நானும் போனேன். தலை நிமிர்ந்தே போனேன்.

ஒரு பொங்கலுக்குச் சிலமலைக்கு வந்தபோது, "சொல்லிர்றேன் மதினி" என்று அழுதேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தீர்கள். "சொல்லிக் கில்லித் தொலைச்சுராத. செய்வினைக்காரின்னு பயந்துதான் ஒருத்தியும் எங்கிட்ட வரப்புச் சண்டைக்கு வர்றதில்ல. நீ பாட்டுக்கு எம் பவுசக் கெடுத்துருவ போலயே!"

அந்தச் சிரிப்பை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. பக்கத்து வீட்டுத் தொட்டிலில் பிள்ளை அழும்போது உங்கள் கை உரிப்பதை நிறுத்தியதையும் பார்த்தேன்தான்.

நீங்கள் போன அன்று உங்களைக் குளிப்பாட்ட வெளியூர்ச் சொந்தம்தான் முன்னால் வந்தது. தெருப் பெண்கள் எட்டி நின்றார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள். அவள் மாமியார் பதறிப்போய், "புள்ள மூஞ்சிய முந்தானையில மூடுடி, அங்க பாக்கவிடாத" என்றார். செத்த பிறகுமா, மதினி? நான் உங்கள் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வாய் வரவில்லை.

இதை வெளியே சொல்ல வேண்டாம் என்கிறான் என் மகன். "நாப்பது வருசங் கழிச்சு ஒம் பேரையும் எதுக்கும்மா கெடுத்துக்குற?" என்கிறான். என் பேர் மேல் எனக்கு எவ்வளவு கர்வம் என்று அவனைவிட உங்களுக்குத் தெரியும்.

நாளைக்குப் பதினாறாம் நாள் காரியம். சிலமலையில் தெரு கூடும். இதை வாசித்துக் காட்டப்போகிறேன். தான் வாசிப்பதாகப் பேத்தி சொன்னாள். வேண்டாம் என்றேன். அஞ்சாம் வகுப்புப் படிப்பு என் கையெழுத்தை நானே வாசிக்கப் போதும். அந்தக் கைக்குழந்தைக்காரியும் வருவாள். அவளைப் பார்த்தே வாசிப்பேன். முடித்ததும் பிள்ளையின் முகத்தை என்னிடமிருந்து மூடுவாள்.

மூடட்டும்.