மேகமென்று நம்பிய புகை

22-3-1951, வியாழன்

அண்ணன் முகத்தில் இனி விழிக்கக் கூடாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அது எப்படி என்றுதான் தெரியவில்லை.

மத்தியானம் மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று புழுதியை வாரி அடித்தது. களத்தில் மிளகாய் வத்தல் காய்கிறது. அண்ணன் கத்த ஆரம்பித்துவிட்டான். "ஏலே, மழை வருது! வத்தல் நனைஞ்சா ஒரு பய வாங்க மாட்டான். அள்ளி உள்ள போடு!"

என் மனைவி இழுப்புக்காரி, தூசி பட்டாலே மூச்சு முட்டும். வாசலில் நின்று மோந்து பார்த்தாள். "இது மழை இல்ல. மலையில தீ. கருகின வாடைல்லா வருது" என்றாள். அண்ணன் பேசும்போது குறுக்கே பேசாதே என்று அதட்டினேன்.

அண்ணன் அறையில் இடமில்லையாம். அவள் படுக்கிற அறையில்தான் குவித்தோம். மழை உள்ளே அடிக்குமென்று கதவு, சன்னல் எல்லாம் சாத்தினோம். வத்தல் நெடி, புழுதி, புகை எல்லாவற்றோடும் அவள் அதற்குள்ளேயே கிடந்தாள். ஒரு சொட்டு மழை இல்லை. சாயங்காலம் சிவகிரி பஸ்ஸில் வந்தவர்கள், மலை எரிகிறது என்றார்கள். அதற்குள் அவளுக்கு இழுப்பு கண்டுவிட்டது.

அண்ணன் வந்து எட்டிப் பார்த்தான். "வத்தல் நனையலல்லா, அது போதும்" என்றுவிட்டுப் போய்விட்டான். மனுஷனா இவன்? பக்கம் பக்கமாகத் திட்டி எழுதத்தான் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிவைத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆனால் தாழ்ப்பாள் போட்ட கை என்னுடையது.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மத்தியானத்துக்குப் பிறகு இப்போதுதான் என்னிடம் பேசினாள்.

"அந்த விளக்கையாவது அணைங்க. புகையுது."