ஜீப்பை நிறுத்தச் சொன்ன செல்லக்கிளி

அன்புள்ள வீரம்மாவுக்கு, ஜக்கையன் எழுதுவது. நான் சுகம். உன் இடுப்புவலி தேவலையா? இந்தச் சேதியைப் போனில் சொன்னால் எஸ்டேட் முழுக்கக் கேட்கும். அதனால், எழுதக் கற்றதும் முதல் கடிதமே இதுதான்!

என்னால் சிறுநீரை அடக்க முடியாதே. போடியிலிருந்து ஜீப்பில் மலையேறும் நாளெல்லாம் தண்ணீரே குடிக்கமாட்டேன். நேற்று, ஏலக்காய் பறிக்க வரும் செல்லக்கிளி பாதி மலையில், "ஏப்பா, ஜீப்ப நிறுத்து! நாலு பிள்ள பெத்தவளுக்கு அடக்க முடியல" என்று சத்தம் போட்டாள். டிரைவர் சிரித்தான். "சிரிக்காத மாப்ளே, நனைஞ்சா ஒன் சீட்டுதான் நாறும்!" என்றாள். வண்டி நின்றது. அவளைப் பார்த்து நானும் இறங்கினேன். எனக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர்! எப்பேர்ப்பட்ட பொம்பளை!

இருமினால் நனைகிறதென்று நீ தேவாரம் ஊர்க் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்காதே. துணி மடித்து வைத்துக்கொள். எனக்கும் பழைய வேட்டி இரண்டு கொடுத்தனுப்பு.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். வழியில் பஸ்சை நிறுத்தச் சொல்ல வெட்கமாயிருந்தால் சொல். நான் வந்து உன்னோடு இறங்குகிறேன்.

உன் ஜக்கையன்