முன் சீட்டுக்கு அடியில் ஒரு வால்வு

கட்டைவிரல் அளவுகூட இல்லை. கரி பிடித்து, பிசுபிசுவென்று, நான் எழுதிக்கொண்டிருக்கும் இதே மேசையில் ஒரு பழைய துணியின் மேல் கிடக்கிறது. காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. நம் வேனிலிருந்து இன்று காலை நான் கழற்றியது இது. ஆமாம், நானேதான் கழற்றினேன். சிரிக்காமல் கேளுங்கள்.

நீங்கள் போன பிறகு வேனை நான்தான் ஓட்டுகிறேன். லைசன்ஸ் எடுத்து வந்த அன்று, எதற்கு, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவா என்று கேட்டீர்களே, அந்த லைசன்ஸ்தான் இப்போது சோறு போடுகிறது. காலையில் தோட்டத்து லய வீடுகளின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவேன், மத்தியானம் ஏற்றிக்கொண்டு வருவேன். வேன் போனால் நான் மறுபடியும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்தெடுக்க மலையேற வேண்டும். என் முட்டி இரண்டும் அதற்குச் சம்மதிக்காது. இந்த வாரம் அப்படித்தான் ஆகப் பார்த்தது.

கொஞ்ச நாளாகவே வண்டிக்குள் கருகின எண்ணெய் வாடை. நிறுத்தி வைத்தால் என்ஜின் உதறியது. எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி தானாகவே மேலே எழும்பி நின்றது. ஒருநாள் ஒயில் மூடியைத் திறந்தால், உள்பக்கம் முழுக்கத் தயிர் அப்பினாற்போல் வெள்ளையாக இருந்தது. உங்கள் தம்பி அதைப் போனில் படம் எடுத்து, ஹட்டனில் தனக்குத் தெரிந்த, வண்டி பழுது பார்க்கிற கராஜ் பாஸுக்கு அனுப்பினார். என்ஜினுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது, தண்ணீரை எண்ணெயோடு சேரவிடாமல் தடுக்கிற ஹெட் கேஸ்கட் போயிருக்கும், இவ்வளவு பழைய என்ஜினைப் பிரித்தால் எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது என்று படத்தைப் பார்த்தே பாஸ் பதில் அனுப்பிவிட்டார். தம்பி பாவம், என் மேல் உள்ள அக்கறையில், நுவரெலியாவில் பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்கிற ஒருவரிடம் பேசி முடித்தார். சனிக்கிழமை லொறியோடு வருவதாக ஏற்பாடு. எல்லோரும் முடிந்துவிட்டது, விட்டுவிடு என்று சொன்னால் தலையாட்டுவது எனக்கும் பழகிப்போயிருந்தது. ஆட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். ஊற்ற இடமே இல்லை, நிறைந்திருந்தது. யோசித்துப் பார்த்தால் நான் அதற்குத் தண்ணீர் ஊற்றியே வெகு நாளாகிறது. என்ஜினுக்குள் தண்ணீர் இறங்குவது உண்மையானால் இங்கே குறைந்திருக்க வேண்டாமா? கையில் போத்தலோடு ரோட்டோரம் அப்படியே நின்றேன். அப்போதுதான் நீங்கள் நினைவில் வந்து நின்றீர்கள், அதுவும் தொப்பலாக நனைந்து.

உடப்புசல்லாவைக்குக் கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போன அந்த நாள். நல்ல மழை. பாதி ஏற்றத்தில் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. பெண்களெல்லாம் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கடையோரம் ஒதுங்கினார்கள். நம் வேனில் என்ஜின் இருப்பது முன் சீட்டுக்கு அடியில். நான் எப்போதும் உட்கார்ந்து வரும் இடம் அது. குளிருக்கு இதமாக இருக்குமென்று அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டதில்லை. இவள் பாரம் தாங்காமல்தான் நின்றுவிட்டது என்று கூட்டத்துக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு சீட்டைத் தூக்கினீர்கள். வந்த கோபத்தில் குடையை உங்களுக்குப் பிடிக்காமல் என்ஜினுக்குப் பிடித்தேன். நீங்கள் நனைந்துகொண்டே ஒரு சின்ன வால்வைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, என் காதருகே கொண்டுவந்து ஆட்டினீர்கள்.

“கேளு புள்ள, கிலுகிலுங்குதா? சத்தம் வந்தா இதுக்கு உசுரு இருக்கு. இது அடைச்சுக்கிட்டா என்ஜினுக்கு மூச்சு முட்டிரும்.”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காது மட்டும் கேட்டு வைத்திருக்கிறது, பாருங்கள்.

போத்தலைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே சீட்டைத் தூக்கினேன். யோசனை மேல் யோசனையாக ஓடியது. நீங்கள் கண்டி, கொழும்பு, கதிர்காமம் என்று போனீர்கள். என்ஜின் நன்றாகச் சூடேறும், உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகி இந்த வால்வு வழியாக வெளியேறிவிடும். நான் ஓட்டுவதோ லயத்திலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து லயம். நம் மலைப் பனியில் என்ஜின் சூடேறுவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கி எண்ணெயோடு கலந்து வெள்ளையாகியிருக்கிறது. அதை இழுத்து வெளியேற்ற வேண்டிய வால்வும் அடைத்துப்போயிருந்தால்? நிச்சயமாகத் தெரியாது. தப்பாகவும் இருக்கலாம்.

நேற்று ஹட்டனுக்குப் போய் ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் வண்டியின் வருடத்தைச் சொல்லி அந்த வால்வைக் கேட்டேன். கடைக்காரர் மூன்று பெட்டிகளைக் கிளறி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதற்கான ரப்பர் வளையம், குழாய், புது எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கினேன். வால்வை அங்கேயே காதில் வைத்து ஆட்டினேன். கிலுகிலுவென்றது. நான் சிரித்ததைப் பார்த்து, நோனாவுக்கு என்ன ஆயிற்று என்று அவர் சிங்களத்தில் கேட்டார்.

இன்று விடிந்ததும் தம்பியைக் கூப்பிட்டுச் சீட்டைத் தூக்கச் சொன்னேன். வால்வில் மாட்டியிருந்த குழாய் விறகாய் இறுகிக் கிடந்தது. வெந்நீர்த் துணியைச் சுற்றி மெதுவாக உருவினேன். வால்வு ஒரு ரப்பர் வளையத்துக்குள் உட்கார்ந்திருக்குமே, அந்த வளையம் நான் தொட்டதும் பொடிந்தது. ஒரு துண்டு பிளந்து துளையின் விளிம்பில் ஆடிக்கொண்டு நின்றது. உள்ளே விழுந்தால் எண்ணெயோடு போய் எங்கே அடைக்குமோ. தம்பி குனிந்து பார்த்தார்.

“அண்ணி, கைய எடுங்க. நமக்கு வேணாங்க இது.”

“நீங்க சும்மா இருங்க தம்பி. லொறி வந்தா இது எப்பிடியும் போகப்போற வண்டிதான.”

தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி, நுனியை வளைத்து, துண்டைக் குத்தித் தூக்கினேன். வந்துவிட்டது. புது வளையத்தையும் புது வால்வையும் அழுத்தி மாட்டினோம், குழாயையும் மாற்றினோம், பழைய எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றினோம். பிறகு என்ஜினைப் போட்டு, ஒயில் மூடியைத் திறந்து, நாள்காட்டியில் கிழித்த ஒரு தாளை அந்தத் துளைக்கு மேலே பிடித்தேன். வேலைக்கு முன் பிடித்தபோது தாள் படபடவென்று மேலே பறந்திருந்தது. இப்போது சப்பென்று துளையோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே இழுக்கிறது. என்ஜின் மூச்சை இழுக்கிறது. குச்சி எழும்பவில்லை, உதறல் இல்லை. தம்பி தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் அந்த மண் ரோட்டில் நின்று கை தட்டினேன். எதிர் லயத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தேயிலைத் தொழிற்சாலை வரைக்கும் ஏற்றத்தில் ஓட்டிப் போய்த் திரும்பினேன். அதற்குள் லொறி வந்து நின்றுகொண்டிருந்தது. வந்தவர் நல்ல மனிதர். இறங்கி வந்து என்ஜின் சத்தத்தைக் கேட்டார், என் கரிக் கையைப் பார்த்தார்.

“வண்டி குடுக்கிறதுக்கு இல்லீங்க. நான் ஓட்டுறேன்,” என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு தேநீர் குடித்தார். விற்கிற நாள் வந்தால் தனக்கே சொல்லும்படி கேட்டுக்கொண்டு வெறும் லொறியைத் திருப்பினார். அந்த வளைவில் லொறி மறையும் வரை நான் அசையவில்லை. மறைந்ததும் ஓடினேன். இந்த முட்டியோடு, படி ஏறி, வாசல் தாண்டி, “என்னங்க, நம்ம வண்டி பொழச்சிருச்சுங்க” என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன். அடுப்படி வரை போய்விட்டேன்.

அங்கே நின்றபோதுதான் நீங்கள் இப்போது இல்லை என்பது நினைவு வந்தது. அழுதேன், மறைப்பானேன். ஆனாலும் சந்தோஷம் குறையவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வருமென்று எனக்கு இதுவரை தெரியாது.

அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எது நடந்தாலும் முதலில் உங்களிடம் ஓடிவந்து சொல்கிற பழக்கம் என்னோடுதான் இருக்கிறது. அதை எங்கே இறக்கி வைப்பது என்று பல நாள் தேடினேன். இனித் தேடப்போவதில்லை. திங்கட்கிழமை வண்டி எப்படி ஓடியது என்பதையும் உங்களிடம்தான் முதலில் சொல்வேன்.