வாசலில் வைத்த போர்டு

7 ஜூன் 2025, சனி

மறதி நோய்க்காரர்களை வைத்திருக்கும் வீட்டார் கூடுகிற இடத்துக்கு இன்றும் என் மனைவி சரோஜாவை அழைத்துப் போனேன். கல்யாண மண்டபத்து மாடி. ஆயாக்கள் அவளைப் பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் அடுத்த அறையில் புலம்புவோம். வாரத்தில் நான் நிம்மதியாகக் கண் அசருவது அங்கேதான். நடத்துகிற சியாமளா மேடம் சொன்னார்: "டிரஸ்ட்டுல இந்த மாசத்தோட பணத்தை நிறுத்துறாங்க சார். வாடகை, வேன், ஆயா சம்பளம் எல்லாமே அவங்கதான்."

அப்போ சனிக்கிழமையும் போச்சா?

10 ஜூன்

என் அரிசி மண்டி இருக்கிற செங்கல்பட்டு பஜாரில் நன்கொடை கேட்டுப் பார்த்தேன். என் வீட்டு விஷயத்தைச் சொல்லவில்லை. ஹார்டுவேர் கடை சின்னையன் சிரிக்கிறான். "ஆயா சம்பளத்துல என் பேர எங்க அண்ணாத்த எழுதுவ? ஃபேன் கேளு, றெக்கையில எழுதிக்கலாம்."

கோபப்பட முடியவில்லை. கோயிலுக்கு நான் கொடுத்த டியூப்லைட்டில் என் பேர் போக மிச்சம்தான் வெளிச்சம்.

13 ஜூன்

மண்டப வாசலில் பெரிய போர்டு, மாதாமாதம் கொடுப்பவர்கள் பேரெல்லாம் அதில் — இப்படிச் சொன்னதும் சின்னையனோடு ஆறு கடைக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். "வெளியிலயா சார்?" என்று சியாமளா மேடம் இழுத்தார். உள்ளே வைத்தால் எவன் பார்ப்பான்?

21 ஜூன், சனி

'மறதி நோயாளிகள் உதவி மையம்' — ரோட்டிலிருந்தே தெரிகிறது. ஆட்களை ஏற்றிவர மாமல்லபுரம் போன வேன் காலியாகத் திரும்பியது. உள்ளூர்க்காரர்களும் வரவில்லை. மாமியாரை வழக்கமாகக் கூட்டிவரும் ஜெயப்பிரியாவுக்குப் போன் போட்டேன்.

"பொண்ணுக்கு வரன் பாத்துகினு கீறோம்ணா. அந்த போர்டுக்குக் கீழ அத்தைய எறக்கினா, வம்சத்துக்கே மூளைக் கோளாறும்பாங்க. உங்களுக்கு இன்னா, பசங்களுக்கெல்லாம் கல்யாணம் முடிஞ்சிட்சி."

எனக்கு இன்னாவா? சரோஜாவுக்கு முட்டி வலின்னுதானே நானே கடையில சொல்லிகினு கீறேன்! இதுகூடத் தோணாம — இன்னா வியாபாரி நான்?

23 ஜூன்

போர்டை இறக்கியாச்சு. ஆறு பேரும் விலகிவிட்டார்கள். "பேரு இல்லன்னா இன்னாத்துக்கு அண்ணாத்த?" நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

24 ஜூன்

அலுப்பு. எழுத ஒன்றுமில்லை.

28 ஜூன், சனி

என் மண்டியின் பின்பக்கக் குடோனை மையத்துக்குக் காலி செய்து கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை சில்லறை வியாபாரம் கெடும்; கெடட்டும். அரிசி மண்டிக்குள் யார் நுழைந்தாலும் அரிசி வாங்கத்தான் என்று ஊர் நினைக்கும். ஜெயப்பிரியா, மாமியார் கையில் ஒரு பையைக் கொடுத்தே கூட்டி வந்தாள். கெட்டிக்காரி. இனி ஆயா சம்பளமும் வேனும் என் தலையில். எத்தனை நாள் தாங்குவேன்?

5 ஜூலை, சனி

சின்னையன் வந்து நின்றான். "வேன்ல வந்து எறங்குறாங்களே, யாரு அண்ணாத்த இவங்கல்லாம்?"

அவர்களைக் காட்டிக்கொடுக்க முடியுமா? "சரோஜாவுக்கு மறதி நோய்டா. அவளுக்குத் துணைக்கு வந்துகினு கீறாங்க," என்றேன். இன்று மத்தியானத்துக்குள் பஜாருக்கே தெரிந்துவிடும். தெரியட்டும்.

சின்னையன் நேராகக் குடோனுக்குள் போனான்.

"இன்னாப்பா, தவிடு வாங்க வந்தியா?" என்றாள் சரோஜா.

"ஆமா அண்ணி," என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

போகும்போது, வேன் டீசல் தன் பொறுப்பு என்றான். பேரை எங்கே போடட்டும் என்று கேட்டேன்.

"சும்மா கெட அண்ணாத்த."