மச்சானுக்கு ஒரு விளக்கு

என் அருமை மச்சான்,

செத்தவனுக்குக் கடிதமா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். அந்தச் சிரிப்பு அடங்கி, வருகிற வெள்ளிக்கிழமையோடு ஒரு வருஷம் ஆகிறது.

சிதம்பரத்தில் நாங்கள் மூவரும் சுகம். உன் மருமகள் 'அ' எழுதப் பழகிவிட்டாள். என் சைக்கிள் கடைக்கும் கரண்டு வந்துவிட்டது. உன் தங்கச்சி சமைக்கிறாள், சோறு போடுகிறாள்; என்னோடு பேச்சு மட்டும் அளவோடுதான். காரணத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

யார் முதலில் போனாலும் சடங்கு கூடாது, புரோகிதர் கூடாது, மற்றவன் காவல் நிற்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோமே, நான் நின்றேன் மச்சான். கடலூரில் உன்னைக் கிடத்தியிருந்தபோது உன் தங்கச்சி வந்தாள். "அண்ணன் தலமாட்டுல ஒரே ஒரு வெளக்கு வெச்சிக்கிறேங்க. வேற ஒன்னும் கேக்க மாட்டேன்" என்றாள்.

"கருப்புச் சட்டக்காரன அவமானப்படுத்தாத" என்றேன் நான். கையில் இருந்த அகலை அப்படியே கீழே வைத்துவிட்டாள். அழக்கூட இல்லை.

போன வாரம், உன்னோடு வேலை பார்த்த லைன்மேன் ராமலிங்கம் பஞ்சர் ஒட்டக் கடைக்கு வந்தார். கீரப்பாளையத்துக்கு நீங்கள் கரண்டு கொடுத்த கதையை எடுத்தார். பல்பு எரிந்ததும் வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்துக் கைகூப்பியதை நீ எத்தனை தடவை எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாய்! "பல்புக்குள்ள யாருடா இருக்கா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாய்.

"அவுரு மட்டும் என்னவாம்?" என்றார் ராமலிங்கம். "ஏறுறதுக்கு முந்தி கம்பத்தத் தொட்டு கண்ணுல ஒத்திக்குவாரு. 'புள்ளகுட்டிக்காரன், பாத்துக்கப்பா'ம்பாரு. ஒரு நாளும் தவறுனதில்ல."

"கம்பத்துக்கிட்டயா?"

"பின்ன, எங்கிட்டயா?"

அடப்பாவி! முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் சிரித்தேன். அப்புறம் அந்த அகல் ஞாபகம் வந்து, ஒட்டி முடித்த பஞ்சரையே மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்று தந்தி வந்த அன்று, கடலூர் வந்து சேரும்வரை பஸ்ஸில் "ஒன்னும் ஆயிடக் கூடாது, ஒன்னும் ஆயிடக் கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். யாரிடம் சொன்னேன்? கண்டக்டரிடமா?

சாமி இல்லை என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் பயமும் பாசமும் இருக்கிறதே மச்சான், அதை எங்கே இறக்கி வைப்பது? உனக்குக் கம்பம் இருந்தது. எனக்கு அந்த பஸ் இருந்தது. பாவம், உன் கூடப் பிறந்தவளுக்கு ஓர் அகல் வைக்க நான் இடம் விடவில்லை. தப்புப் பண்ணிவிட்டேன்.

நேற்று அவளிடம் ராமலிங்கம் சொன்னதைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை உன் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றச் சொன்னேன்.

"அண்ணன் கோச்சிக்காதா?"

"கோச்சிக்கும். நான் பாத்துக்கறேன்."

ஒரு வருஷத்துக்கு அப்புறம் சிரித்தாள், மச்சான். உன் சிரிப்பேதான்.

ஆகவே இது என் வாக்கு: திரி நான் திரித்துக் கொடுப்பேன், அவள் ஏற்றுவாள். நம் தோழர்கள் யாராவது வந்து என்னய்யா இது என்று கேட்டால், கரண்டு போய்விட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். லைன்மேன் நீ, காட்டிக்கொடுத்துவிடாதே.

உன் தங்கச்சியைக் கட்டிய,
உன் மச்சான்