தம்பியின் மீசை

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நம் தம்பியைப் போல வளர்ந்தும் குழந்தை மனம் மாறாதவர்கள் சேர்ந்து வாழ இங்கே கட்டும் வீட்டில், படிக்கத் தெரியாதவரும் தன் அறையைக் கண்டுபிடிக்கக் கதவுக்கொரு நிறம் அடிக்கிறேன். நேற்று, குடிவரப்போகிற ஒருவர் ஈரம் காயாத பச்சைக் கதவில் ஆசையாகக் கன்னத்தை வைத்துவிட்டார். கதவைத் திரும்ப அடித்துவிட்டேன், கவலைப்படாதே. ஆனால் அவருடைய அண்ணன் துடைத்துவிட, அவர் ஆடாமல் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாரே, எனக்கு வயிறு எரிந்தது.

"பக்கத்து வீட்டுக்காரர் ஷேவ் பண்ணிவிட்டா ஆடாம உக்காந்திருக்கான்" என்று போனில் பெருமையாகச் சொன்னாய். என்னிடம் ஒருநாளாவது அப்படி உட்கார்ந்தானா அந்தத் துரை?

அவனுடைய பழைய பனியன் ஒன்றை அனுப்பு. பிரஷ் துடைக்கத் துணி இல்லை. மேஸ்திரி கூப்பிடுகிறார்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றி சொல். மீசையை மட்டும் தொடவேண்டாம் என்றும் சொல். அதை நான் வந்து வெட்டுகிறேன்.